இரண்டாம் நாற்காலி

(மயிலை மாங்கொல்லைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாங்கொல்லைக்குத் தெற்கே, அடையாற்றிலே இருக்கிறது புற்றுநோய் மருத்துவமனை. 1969 பிப்ரவரி 3ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், அங்கேதான் அறிஞர் அண்ணாவின் மூச்சு அடங்கிற்று. நாடு அழுதது. ஆனால் நாடாளும் நாற்காலி, அழுது முடிக்க அவகாசம் தருவதில்லையே! அன்றே இடைக்கால முதல்வரானார் நாவலர் நெடுஞ்செழியன். பிப்ரவரி 10ஆம் நாள், சட்டமன்றக் கட்சி தேர்ந்தெடுத்த கலைஞர் பொறுப்பேற்றார்.

நாவலர் அமைச்சரவையிலே அண்ணாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். அடுத்த இடத்தவர் ஏன் அடுத்தவராகவில்லை? பட்டியலில் இருந்தது ஒரு பெயர். உறுப்பினர் உள்ளத்தில் இருந்தது வேறு பெயர் என்பதே என் கணிப்பு.

1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். மறைந்தார். மீண்டும் அதே நாவலர், மீண்டும் இடைக்காலம்! 1988 சனவரி 7இல் ஜானகி அம்மையார் முதல்வரானார், கட்சி இரண்டாயிற்று, அம்மாதம் 30ஆம் நாள் ஆட்சியே கலைக்கப்பட்டது. முகாம் மாறியவர்தாம் நாவலர். எனினும் இருமுறை அமர்ந்து இருமுறையும் எழுந்த அந்த மனிதரை எண்ணி எனக்கு நகைக்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள்! அங்கே குடியரசுத் தலைவர் வேட்பாளர், துணைவரையும் உடன் நிறுத்தியே வாக்குக் கேட்கிறார். 1944இல் ரூசுவெல்ட்டுக்கு வயது 62, உடலோ நலிந்திருந்தது. சிகாகோ மாநாட்டிலே, அப்போதைய துணைத் தலைவர் வாலசு விலக்கப்பட்டு ட்ரூமன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவியேற்ற 82ஆம் நாள், ரூசுவெல்ட் மறைந்தார்! அணுகுண்டு உருவாகும் செய்தியையே முழுமையாக அறியாதவர் அரியணை ஏறினார். ஆளைத் தேடினார்கள், தேடிய ஆளிடம் வேலையைச் சொல்லவில்லை!

நான் நாடகக்காரன். இராசபார்ட்டுக்குத் தொண்டை கட்டும் இரவிலேதான், மாற்று நடிகனுக்கு வசனம் தெரியாது என்பது தெரியவரும். திரையோ அதற்குள் தூக்கப்பட்டுவிடும்!

நம் அரசமைப்புச் சட்டத்திலே துணை முதல்வர் என்ற பதவியே கிடையாது. முதல்வர் மறைந்தால் அவர் தாமாக முதல்வராகிவிடவும் மாட்டார். எனினும் 2009 மே 29ஆம் நாள், 85ஐ எட்டும் தறுவாயில் இருந்த கலைஞர், தளபதி ஸ்டாலினைத் துணை முதல்வராக்கினார். மகன் என்றனர் மாற்றார். ஆம், மகன்தான், மறுப்பானேன்? ஆனால் 1996இல் சென்னை மக்கள் நேரடியாக வாக்களித்து மேயராக்கிய மகன். 2006 முதல் உள்ளாட்சித் துறையை நடத்திக் காட்டிய மகன்! வசனம் தெரிந்தவர். 2018 ஆகஸ்ட் 7இல் கலைஞர் மறைந்தார். 28ஆம் நாள் பொதுக்குழு ஸ்டாலினைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கட்சி உடையவில்லை.

மகன் இல்லாத மாவட்டங்களில் என்ன செய்யப்போகிறோம்? இதுதான் என் கேள்வி. சாதிக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று என்று துணைப் பதவிகளைப் பந்தியில் வடை வைப்பதுபோல் வைத்துக்கொண்டிருக்கலாமா? அடுத்த அமைப்புத் தேர்தலிலே முதியவர் ஒருவர் பெயர் முன்மொழியப்படும்போது, அவருக்கு அடுத்த பெயர் எது, அவருக்குக் கணக்கும் வழக்கும் தெரியுமா என்று எழுந்து கேளுங்கள். கேட்டவனைத் துரோகி என்பார் சிலர். அவர்களை என்னிடம் அனுப்புங்கள். இதே மாங்கொல்லையில் மேடை போட்டு மறுமொழி தருகிறேன்.