கடிதத்தில் எழுதாத வரிகள்

(தில்லியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சரித்திர வாத்தியார் பேச வந்துவிட்டாரே, தூக்கம் வருமே என்று யாரும் பயப்பட வேண்டாம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

1971 யுத்தத்தின்போது என் அண்ணா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில், கிழக்கு எல்லையில் இருந்தார். '99 ஏ.பி.ஓ.' என்ற விலாசத்திலிருந்து கடிதம் வரும். "இங்கு க்ஷேமம். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான். அம்மா அதையே நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அப்பா அதைக் கம்பியில் குத்தி வைப்பார். பகவான் கிருபையில் அண்ணா பத்திரமாகத் திரும்பினார். கடிதங்கள்தான் தப்பவில்லை. 1986-இல் வீடு மாற்றும்போது கம்பியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்தான். சரித்திரம் படித்து, சரித்திரம் நடத்திய நான்!

முதல் உலக யுத்தத்தை நானும் வெகு காலம் எல்லோரையும் போலத்தான் நடத்தினேன். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு, மார்க் பத்து. இந்தியா கேட்டுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் குழந்தைகளுக்கு, அங்கே 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருப்பது தெரியாது. அந்த யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டினார்கள். 70,000-க்கும் மேல் திரும்பவில்லை. நம் வீடுகளில் அந்த யுத்தத்தின் ஞாபகமாக மிஞ்சியது, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு போட்ட 'எம்டன்' கப்பலின் பெயர்தான்.

1999-இல் டேவிட் ஓமிஸ்ஸி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், அந்தச் சிப்பாய்களின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதைப் படித்த பிறகு என் பாடமுறையே மாறிவிட்டது.

பிரான்ஸில் போரிட்ட நம் சிப்பாய்கள் பஞ்சாப், கட்வால், எல்லைப்புறம் போன்ற இடத்துக்காரர்கள். பலருக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். பிறகு போலோன் நகரத் தணிக்கை அலுவலகத்தில் அதைப் படிப்பார்கள். அங்கே ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அசல் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தடுக்க வந்த கைதான் காப்பாற்றியும் கொடுத்தது!

அவற்றில் குளிரும் மழையும் உண்டு. பிரெஞ்சுப் பெண்களின் படிப்பைப் பார்த்து, நம் பெண் குழந்தைகளையும் படிக்க வையுங்கள் என்ற வேண்டுகோள் உண்டு. காயம்பட்டவர்கள் பிரைட்டன் அரண்மனை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியவை உண்டு. அங்கே ஜாதி, மத ஆசாரப்படி ஒன்பது தனித்தனி சமையலறைகள் வைத்திருந்தார்களாம். தணிக்கைக்குத் தெரியாமலிருக்க, இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகாய் என்றும் சங்கேதமாக எழுதியவர்களும் உண்டு.

வகுப்பில் மூன்று காரியம் செய்யச் சொல்வேன். யார் யாருக்கு எழுதுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். என்ன எழுதவில்லை என்று பட்டியல் போட வேண்டும். கடைசியில், வீட்டிலிருந்து பதில் எழுத வேண்டும். ஒரு பெண் கேட்டாள்: "ஸார், அம்மாவுக்கும் படிக்கத் தெரியாதே. அங்கே படித்துக் காட்டுவது யார்?" எழுதியவர், தணிக்கைக்காரர், ஊரில் படித்துச் சொன்னவர் என்று இத்தனை பேரைத் தாண்டித்தான் பிள்ளையின் குரல் தாயைச் சேர்ந்தது. முப்பது வருஷ சர்வீஸில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

2002-இல், எல்லையில் படைகள் குவிந்திருந்த மாதங்களில், ஒரு பையன் மட்டும் பதில் எழுத மறுத்தான். நான் கோபித்துக்கொண்டேன். மறுநாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். எல்லையிலிருந்து அவன் அப்பா எழுதியது. முழுக்கக் கணக்குப் பரீட்சையைப் பற்றித்தான். "ஸார், ஏன் இத்தனை தரம் மார்க் கேட்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. எழுதாத வரிகளை நேற்றுதான் படித்தேன்" என்றான். அவன் அப்பா அந்த வருஷக் கடைசியில் திரும்பி வந்தார். நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அண்ணாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் கேட்டேன்: "அண்ணா, அப்போ எதையெல்லாம் எழுதாம விட்டே?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: எழுதத் தெரியாத ஒரு ஜவானுக்கு இவர்தான் கடிதம் எழுதிக் கொடுப்பாராம். கடைசிக் கடிதம் தபாலில் சேர்வதற்குள் அவன் போய்விட்டான். க்ஷேமம் என்று எழுதியதை அவன் தாயாருக்கு அனுப்புவதா, வேண்டாமா? "அனுப்பிட்டேன்டா. சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியலே."

ஐம்பது வருஷத்துக்கு மேல் இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால், போடுவதற்கு முன் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள். ராணுவக் கடிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதியவர் இருந்தால், எழுதாமல் விட்டதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.