பழைய ஆட்டமும் பழைய நாளும்
(சங்க ஆண்டு விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்திய உரை)



சிலம்பும் குறளும் பேசப்பட்ட இம்மேடையில் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தபோது, செயலாளர் நகையாடுகிறார் என்றே முதலில் எண்ணினேன். அவர் நகையாடவில்லை. செயற்குழுவில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்க்க முடியாமல் என் தலையில் கட்டிவிட்டார். வழக்கு இதுதான். சங்கத்து இளைஞர் அறைக்குப் பழைய காலத்து ஆட்டப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று என் வயதினர் ஒருவர் முன்மொழிந்தார். 'இன்றைய ஆட்டங்களில் படம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. அந்நாளைய ஆட்டம்தான் ஆட்டம்' என்றார் அவர். உடனே கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் எழுந்து, 'ஐயா, உங்களுக்கு அது இனிப்பது ஆட்டத்தின் சிறப்பினால் அன்று. அன்று நீங்கள் சிறுவராய் இருந்ததனால்' என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அச்சொல் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

அத்தம்பி குறித்த ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்று பெயர். கேட்டால் பண்டைக் கிரேக்கச் சொல் போல் ஒலிக்கும்; ஆனால் பண்டைக் கிரேக்கர் அதனை அறியார். 1688ஆம் ஆண்டில், பாசல் நகரில் மருத்துவம் பயின்ற ஜோகன்னஸ் ஹோஃபர் என்னும் மாணவர், வீடு திரும்புதலைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லையும் நோவைக் குறிக்கும் மற்றொரு சொல்லையும் இணைத்துத் தம் ஆய்வேட்டுக்காக அதனை ஆக்கினார். சொந்த ஊரை விட்டு வெளியே சென்ற சுவிட்சர்லாந்து நாட்டினர் சிலர் ஊர் நினைவால் மெலிந்து வாடுவதை அவர் ஒரு நோயாகவே கருதினார். அந்நோயைப் பற்றி இக்குடியிருப்பில் உள்ளோர்க்கு நான் விளக்கவும் வேண்டுமோ? நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைப் புடைவையில் சுற்றி இரண்டு இரவு இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரும் நம் தாய்மார்களை ஹோஃபர் கண்டிருந்தால், ஏட்டில் இன்னும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார். பிற்காலத்தில்தான் அச்சொல் ஊரை விட்டுக் காலத்துக்குப் பெயர்ந்தது. ஊருக்காவது இரயில் ஏறலாம்.

இனி என் கதைக்கு வருகின்றேன். நான் இந்தப் பிலாய்க் குடியிருப்பிலேயே வளர்ந்தவன். 1990களின் தொடக்கத்தில், ஜப்பானிய நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் கருவியின் போலிகள் நம் நாட்டுக் கடைகளில் பல பெயர்களில் மலிந்திருந்தன. கடைத்தெருவில் மணிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் இடம் ஒன்றும் இருந்தது. நாங்கள் 'கேசட்' என்று அழைத்த மஞ்சள் நிறப் பெட்டியின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவையே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். ஆயினும் அடுத்த பக்கத்தில் புதிது ஏதேனும் இருக்கும் என்று நூறு பக்கம் புரட்டுவோம். அந்தப் புரட்டலும் ஆட்டத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது.

என் தந்தையார் தீபாவளி போனஸில் ஒரு பெட்டி வாங்கித் தந்தார். நானும் என் அண்ணனும் அதிகம் ஆடியது 'கான்ட்ரா'. கொனாமி நிறுவனத்தின் ஆக்கம்; வீட்டுக் கருவிக்கு 1988இல் வந்தது. இருவர் சேர்ந்து ஆடலாம். ஒவ்வொருவர்க்கும் மூன்று உயிர். தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர். இந்த மறைமொழியை எங்களுக்குச் சொன்னவன் அடுத்த வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன். அதற்குக் கட்டணமாக அம்மா சுட்ட முறுக்கு பத்துப் பெற்றுக்கொண்டான். ஒருவர் உயிர் தீர்ந்தால் மற்றவர் கணக்கிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளவும் அவ்வாட்டத்தில் வழி உண்டு. நான் கேளாமலே எடுப்பேன். அண்ணன் ஒருநாளும் எடுத்ததில்லை. அருவி ஒன்றின் மேல் ஏறும் கட்டம் வரும். ஒருவர் விரைந்து ஏறினால் திரையும் உடன் ஏறும், பின்தங்கியவர் திரையின் அடியில் விழுந்து மாள்வார். அங்கே அண்ணன் ஒரு பாறையில் நின்று எனக்காகக் காத்திருப்பார். காத்திருக்கையில் குண்டு பட்டு மாள்வார்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அண்ணன் காலமானார். அதனை இங்கு விரிக்கப் போவதில்லை.

செயற்குழுக் கூட்டத்துக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த அந்தப் பெட்டியை இறக்கினேன். தம்பியின் சொல் மெய்யா பொய்யா என்று ஆய்வதே நோக்கம். என் மகளுக்கு வயது பதினான்கு, மகனுக்குப் பத்து. அவர்களுக்கு அந்தப் பெட்டியின் மேல் எவ்வகை ஏக்கமும் இருக்க இயலாது. ஆகவே அவர்களே தக்க நடுவர்கள் என்று கொண்டேன்.

முதற்கட்டம் பெருந்தோல்வி. வாத்துச் சுடும் ஆட்டத்துக்கு உரிய துப்பாக்கியை எடுத்துக் கூடத்துச் சுவரில் உள்ள தட்டைத் தொலைக்காட்சியை நோக்கிச் சுட்டேன். ஒரு வாத்தும் விழவில்லை. மகன், 'அப்பாவுக்குக் குறி தப்புகிறது' என்றான். குறி தப்பவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். துப்பாக்கியின் குழலில் உள்ள ஒளியுணரி அவ்வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் உள்ள பழைய தொலைக்காட்சியின் ஒளித் துடிப்புக்கும் அதன் உடனடி வேகத்துக்கும் ஏற்ப அளந்து செய்த கருவி அது. தட்டைத் திரையோ வந்த படத்தைத் தன்னுள் சீர்செய்த பிறகே காட்டும். அந்தச் சிறு தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. மேரியோ பள்ளத்தைத் தாண்டுவதற்கும் அதே இடர்ப்பாடு: விரல் அழுத்துவது ஒரு கணம், அவன் குதிப்பது மற்றொரு கணம். படமும் அவ்வாறே. டியூபின் மங்கலில் புள்ளிகள் ஒன்றோடொன்று குழைந்து உருவாகும் என்பதை அறிந்தே அந்நாளைய ஓவியர் வரைந்தனர். தட்டைத் திரையில் அவை செங்கல் அடுக்கியது போல் தோன்றுகின்றன.

ஆகவே, 'பழைய ஆட்டத்தை இன்று ஆடிப் பார்த்தேன், முன்போல் இல்லை. எல்லாம் நினைவின் மயக்கம்' என்று முடிவு கட்டுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். முன்போல் இல்லாமைக்கு நினைவு மட்டும் காரணமன்று. ஆட்டமே முன்போல் இல்லை. கடைத்தெருவில் வானொலி பழுதுபார்க்கும் பெரியவரிடம் பின்புறம் பெருத்த பழைய பெட்டி ஒன்றை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வீட்டில் இதற்குக் கிடைத்த வரவேற்பை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டத்தில் வாத்துகள் விழுந்தன. மேரியோ சொன்னபடி குதித்தான். 1985இல் வெளிவந்த அவ்வாட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. இடமில்லாமையால், வானத்து மேகத்துக்கு வரைந்த வடிவத்தையே பச்சை பூசித் தரையில் புதராக வைத்தனர். முப்பது ஆண்டு பார்த்தும் நான் காணாத இதனை என் மகள் கால் மணியில் கண்டுபிடித்தாள். அவளுக்கு அவ்வாட்டம் பிடித்தது. மகனுக்கோ ஒரு வேகம் பற்றாமல் கொட்டாவி வந்தது.

ஆனால் இருவரும் சண்டையிட்டுப் பிடுங்கிக்கொண்ட ஆட்டம் ஒன்று உண்டு, அது டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் ஆக்கியது. அவர் பயன்படுத்திய எலக்ட்ரானிகா 60 என்னும் பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே இல்லை. அடைப்புக்குறி எழுத்துகளை அடுக்கிக் கட்டங்களைக் காட்டினார். ஏழே வடிவங்கள். கதை இல்லை, வீரன் இல்லை. அதில் என் மகன் இரவு பத்து மணி வரை அமர்ந்திருந்தான்.

இங்கே உங்களுக்கு ஒரு சான்று கூற விரும்புகின்றேன். நின்டென்டோ கருவிக்கான டெட்ரிஸ் 1989இல் வெளியாயிற்று. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் படி வரை ஆடினான். கணக்கைத் தாங்க இயலாமல் ஆட்டமே உறைந்து நின்றது. மனிதர் எவரும் அதற்கு முன் அவ்வாறு அதனை நிறுத்தியதில்லை. அச்சிறுவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகட்கு முன்பே வந்த ஆட்டம் அது! அவனை அங்கே அமர்த்தியது எந்தப் பழைய நாள்? எந்தத் தீபாவளி போனஸ்? செயற்குழுத் தம்பிக்கு இதனைக் கனிவோடு முன்வைக்கின்றேன்.

அதற்காக என் வயதினர் மகிழ்ந்துவிட வேண்டாம். 'அந்நாளைய ஆட்டம் எல்லாம் நல்ல ஆட்டம்' என்பது பெரும் புளுகு. 1982இல் அட்டாரி நிறுவனம் புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றைத் தழுவி 'ஈ.டி.' என்னும் ஆட்டத்தை ஐந்து வாரங்களில் அவசரமாகச் செய்வித்தது. விற்காமல் தேங்கியவற்றை அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழிவெட்டிப் புதைத்தனர். 2014இல் தோண்டியபோது அவை கிடைத்தன. நாம் இன்று நினைவில் வைத்திருப்பவை அவ்வாறு புதையாமல் எஞ்சிய சில; எஞ்சியவற்றை இன்றைய முழுக் கடைத்தெருவோடும் ஒப்பிட்டு, பழையதே மேல் என்கிறோம். அஃது அறமாகாது.

இனி கான்ட்ரா. அதனை இறுதிக்கு வைத்திருந்தேன். முதலில் தனியே ஆடிப் பார்த்தேன். நல்ல ஆட்டந்தான், ஆனால் இரண்டாம் கட்டத்திலேயே அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகின்றேன்: வருத்தமாகவும் இருந்தது. முப்பது ஆண்டாக நான் இனிமை என்று காத்துவைத்தது இதுதானா? தம்பி சொன்னது சரிதானோ என்று ரிமோட்டைக் கீழே வைத்தேன். அப்போது மகள் வந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

மறைமொழி சொல்லித் தந்தேன். முப்பது உயிரையும் அவள் விரைவில் செலவிட்டாள். பிறகு, எப்படியோ வழி கண்டு, என் கணக்கிலிருந்து கேளாமலே எடுக்கத் தொடங்கினாள். அருவி வந்தது. அவளுக்குப் பழக்கமில்லை, கீழேயே தடுமாறினாள். நான் ஏறிய பாறையில் நின்றேன். நின்ற இடத்தில் குண்டு பட்டது. 'நீங்கள் ஏன் அப்பா போகாமல் நிற்கிறீர்கள்?' என்று கேட்டாள். 'இங்கே நிற்பதுதான் வழக்கம்' என்றேன்.

அவளுக்கு அது வெறும் ஆட்டம்; இரண்டு மணி நேரம் மகிழ்ந்து ஆடினாள், மறுநாளும் கேட்டாள். எனக்கு அதே திரையில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஏக்கம் என் சுவையை மாற்றுகிறதா என்றால், ஆம், மாற்றுகிறது. டெட்ரிஸில் சிறிதும் இல்லை, மேரியோவில் சிறிது, கான்ட்ராவில் பெரும்பங்கு. தனியே ஆடியபோது அந்த ஏக்கம் ஆட்டத்தை இனிப்பாக்கவில்லை என்பதையும் பதிவு செய்கின்றேன், கசப்பாக்கிற்று. இதனைத் தம்பியின் கட்சியோ நண்பரின் கட்சியோ முழுமையாக விளக்கவில்லை. பிள்ளைகள் நம் ஊரை, நம் பாட்டை, நம் பண்டிகையை நம்மைப் போல் நேசிக்கவில்லை என்று இச்சங்கத்தில் ஆண்டுதோறும் குறைபட்டுக்கொள்கிறோம். என் மகள் கான்ட்ராவை என்னைப் போல் நேசிக்கவில்லை. அவள் நேசிப்பதற்கு அதில் வேறு காரணம் கிடைத்தது.

எனவே செயற்குழுவுக்கு என் பரிந்துரை: பெட்டியை வாங்கலாம், ஆனால் தட்டைத் திரையில் இணைக்க வேண்டாம், இரண்டு ரிமோட்டுக்குக் குறையாமல் வாங்குக. அதுவரையில் என் பெட்டியையும், ஐந்நூறு ரூபாய்த் தொலைக்காட்சியையும் நூலக அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உணவுக்குப் பின் வரலாம். வாத்துத் துப்பாக்கியின் கம்பி சற்றுத் தளர்ந்திருக்கிறது, இழுக்காமல் பிடிக்கவும். பெரியவர்கள் வரிசையில் குழந்தைகளுக்குப் பின் நிற்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.