கடல் கடந்து போன கறுப்புத் தொழிலாளி

(ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் தோழர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வெளிநாடு போவது. ஆலைக்குப் போகும் தோழரின் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஏஜெண்டைத் தேடி அலைகிறான். களை எடுக்கப் போகும் தாயின் மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். ஊரை விட்டு ஒதுக்கி வைத்த தெருக்களிலிருந்து முதன்முதலாகப் படித்து வெளியே வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. "அங்கே போனால் எந்தத் தெரு என்று கேட்க மாட்டான், என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்பான்" என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு தூரம் உண்மை? போகாதே என்று தடுப்பதா, போய் வா என்று வழியனுப்புவதா? இதற்கு உபதேசம் செய்வதைவிட, இதே வழியில் போன ஒரு தொழிலாளியின் வரலாற்றைச் சொல்வது மேல். அவர் பெயர் ராபர்ட் ராபின்சன். கறுப்பர். ஜமைக்காவில் பிறந்து, கியூபாவில் வளர்ந்து, பிழைப்புக்காக அமெரிக்கா போனவர். டூல் மேக்கர் வேலை தெரிந்தவர். யந்திரங்களுக்கு வேண்டிய டையும் கேஜும் செய்கிற நுணுக்கமான தொழில் அது. ஒரு மயிரிழை பிசகினாலும் உருப்படி முழுவதும் வீண்.

ஃபோர்டு ஆலையில் ஒரே கறுப்பர்

டெட்ராய்ட் நகரில் ஃபோர்டு கம்பெனியின் ரிவர் ரூஜ் ஆலை இருந்தது. மோட்டார் கார் உற்பத்தியில் உலகப் புகழ் பெற்ற ஆலை. அங்கே ஆயிரக்கணக்கான கறுப்புத் தொழிலாளிகள் வேலை செய்தார்கள். எங்கே? பெரும்பாலும் வார்ப்படச் சாலையில். அனலும் புகையும் உள்ள இடம் அவர்களுக்கு, சுத்தமான இடம் வெள்ளையருக்கு. நம் ஊரில் எந்த வேலை யாருக்கு என்று எழுதாத சட்டம் இருக்கிறதல்லவா, அதே சட்டம்தான். டூல் ரூமில் நுழைந்த கறுப்பர் ராபின்சன் ஒருவரே. சக தொழிலாளிகளின் ஏளனத்தையும் தொந்தரவையும் பொறுத்துக்கொண்டு அங்கே நிலைத்து நின்றார்.

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. லட்சக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. வேலைக்கு எடுக்கும்போது கடைசியில் எடுக்கப்படுகிறவனும் நீக்கும்போது முதலில் நீக்கப்படுகிறவனும் கறுப்பன். அந்த நேரத்தில், 1930-ல், சோவியத் நாட்டிலிருந்து ஒரு தூதுக்குழு ஃபோர்டு ஆலைக்கு வந்தது. ஸ்டாலின்கிராட் நகரில் பிரம்மாண்டமான டிராக்டர் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. வரைபடம் போட்டுக் கொடுத்ததே டெட்ராய்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கானின் நிறுவனம்தான். யந்திரம் வந்துவிட்டது, அதை ஓட்டத் தெரிந்த கை வேண்டும். ராபின்சனின் கைவேலையைப் பார்த்தவர்கள் அவரை அழைத்தார்கள். ஃபோர்டில் மாதம் 140 டாலர். அங்கே 250 டாலர். குடியிருக்க இடம் இலவசம். கப்பல் செலவும் அவர்களுடையது. ஒப்பந்தம் ஒரு வருஷம்.

இருபத்தைந்து வயது நிறையாத வாலிபன். பாஷை தெரியாது. தன் நிறத்தவர் ஒருவர் கூடத் துணைக்கு இல்லை. ஆனாலும் கிளம்பினார். நம் பிள்ளைகள் கிளம்புகிறார்களே, அதே காரணம்தான். கூலி ஒன்று. இன்னொன்று, தலை நிமிர்ந்து நடக்க ஓர் இடம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

வால்கா நதிக்கரையில்

ஸ்டாலின்கிராடில் நூற்றுக்கணக்கான அமெரிக்கத் தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களில் கறுப்பர் ராபின்சன் மட்டுமே. இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது, தோழர்களே. வெள்ளை அமெரிக்கர்கள் பெட்டி படுக்கையோடு நிறவெறியையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். அவர்களும் வேலை தேடி வந்த தொழிலாளிகள்தான். ஆனால் ஒரு கறுப்பன் தங்களுக்குச் சமமாக நடமாடுவதை அவர்களில் சிலரால் தாங்க முடியவில்லை. 1930 ஜூலையில் ஒரு நாள் இரண்டு வெள்ளையர்கள் சேர்ந்து அவரை அடித்தார்கள். அமெரிக்காவில் என்றால் கதை அதோடு முடிந்திருக்கும். அடிபட்டவனைத்தான் ஊரை விட்டு ஓடச் சொல்லியிருப்பார்கள்.

இங்கே முடியவில்லை. தொழிற்சாலை கொதித்தது. தொழிலாளிகள் கூட்டம் போட்டுக் கண்டனம் செய்தார்கள். பத்திரிகைகள் எழுதின. மற்ற ஊர்த் தொழிற்சாலைகளிலும் தீர்மானங்கள் நிறைவேறின. அடித்தவர்கள் பகிரங்க விசாரணையில் நிறுத்தப்பட்டார்கள். அடிதடி வழக்காக மட்டும் அல்ல, நிறவெறிக் குற்றமாகவே அது விசாரிக்கப்பட்டது. சிறைத் தண்டனை விதித்து, அதை நாடு கடத்தலாக மாற்றி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராபின்சன் தொடர்ந்து வேலை செய்தார்.

சற்று யோசியுங்கள். அதற்கு அடுத்த வருஷம், 1931-ல், அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஒன்பது கறுப்புப் பையன்களைப் பொய் வழக்கில் பிடித்தார்கள். எட்டுப் பேருக்குச் சில நாட்களுக்குள் மரண தண்டனை விதித்தார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று உலகமே பேசிய வழக்கு அது. கம்யூனிஸ்டுகளும் ஜனநாயகவாதிகளும் நாடு நாடாகப் போராடித்தான் அந்த உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது. அடித்தவனைக் கூண்டில் ஏற்றிய நாடு ஒன்று, அப்பாவிச் சிறுவர்களைக் கூண்டில் ஏற்றிய நாடு இன்னொன்று. ராபின்சன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கியதில் ஆச்சரியம் என்ன?

அதே 1931-ல் மிசிசிப்பியில் பிறந்த ஆலிவர் கோல்டன் என்ற கறுப்பினத் தோழர், விவசாயம் படித்த பத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டு உஸ்பெகிஸ்தான் போனார். ஆள் சேர்க்க உதவியவர் புகழ்பெற்ற கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவர்கள் செய்தது பருத்தி வேலை. அடிமைகளின் பேரப் பிள்ளைகள், தங்கள் பாட்டன்மார் சாட்டையடி பட்டுப் பறித்த அதே பருத்தியை, நிபுணர்கள் என்ற அந்தஸ்தோடு வளர்த்துக் காட்டினார்கள். நூல் ஆலைத் தோழர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபாதியையும் சொல்ல வேண்டும்

இத்தோடு நிறுத்திக் கைதட்டு வாங்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லித் தொழிலாளியைத் தட்டிக் கொடுப்பது நம் வேலை அல்ல. அது ஏஜெண்டு செய்கிற வேலை.

ராபின்சன் 1932-ல் மாஸ்கோவில் முதலாவது பால்பேரிங் தொழிற்சாலைக்குப் போனார். 1934-ல் மாஸ்கோ சோவியத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அமெரிக்கக் குடியுரிமை போய், சோவியத் பிரஜை ஆனார். பிறகு வந்தது 1930-களின் பிற்பகுதி. குற்றம் செய்யாத எத்தனையோ பேர் இரவோடு இரவாகப் பிடிக்கப்பட்ட காலம். அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கம்யூனிஸ்டுகளில் ஒருவரான லவெட் ஃபோர்ட்-வைட்மன் மாஸ்கோவில் வாழ்ந்து வந்தார். அவர் கைது செய்யப்பட்டு, 1939 ஜனவரியில் கோலிமா சிறை முகாமில் மாண்டார். முதலாளித்துவத்தை எதிர்த்துப் பாடுபட்ட மனிதனுக்கு இந்த முடிவு! இதற்குச் சமாதானம் சொல்ல எந்தச் சித்தாந்தத்திலும் இடம் இல்லை.

ராபின்சன் தப்பினார். யுத்த காலத்திலும் உழைத்தார். வேலை செய்துகொண்டே படித்து இன்ஜினியர் ஆனார். ஆனால் வெளியே போக வேண்டும் என்று விரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. மீண்டும் மீண்டும் மனுப் போட்டார், மீண்டும் மீண்டும் மறுத்தார்கள். கடைசியில் 1974-ல்தான், ஆப்பிரிக்க நண்பர்களின் உதவியால், உகாண்டாவுக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. போனவர் திரும்பவில்லை. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு வந்தவர் 44 வருஷம் கழித்து வெளியேறினார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1988-ல் தம் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். கசப்போடு எழுதினார். நிற வேற்றுமை அங்கேயும் தம்மைத் தொடர்ந்தது, தகுதி இருந்தும் உயர்வு கிடைக்கவில்லை என்று குற்றம் சாட்டினார். 1994-ல் காலமானார்.

"தோழரே, எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிற இந்தக் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். எதிரியிடம் இந்தக் கதை ஏற்கெனவே இருக்கிறது. நம் தொழிலாளியிடம்தான் இல்லை. வால்கா கரையில் அவருக்குக் கிடைத்த நீதியும் உண்மை. மாஸ்கோவில் பூட்டியிருந்த கதவும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் பாடம் கிடைக்கும். வேலை செய்கிற உரிமை எவ்வளவு பெரிதோ, வேலையை விட்டு வெளியேறுகிற உரிமையும் அவ்வளவு பெரிது. பண்ணையாரிடம் கடன் பட்டு, பண்ணையை விட்டுப் போக முடியாமல் கிடந்த பரம்பரையில் வந்தவர்கள் நாம். நமக்கு இது தெரியாதா?

கதவு யார் கையில்?

இதே பூட்டை முதலாளித்துவ உலகத்திலும் பார்த்தோம். வளைகுடா நாடுகளில் கஃபாலா என்ற முறை நெடுங்காலம் நடந்தது. தொழிலாளி முதலாளியின் பொறுப்பில் கட்டுப்பட்டவன். கத்தாரில் முதலாளி கையெழுத்துப் போடாமல் வேலை மாற முடியாது, நாட்டை விட்டுக் கிளம்பவும் முடியாது. தாய் செத்தாலும் முதலாளி மனம் வைத்தால்தான் விமானம். இதை எதிர்த்து 2014-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் புகார் கொடுத்தார்கள். பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன. 2022 உலகக் கோப்பைப் பந்தாட்டத்தை முன்னிட்டு உலகத்தின் கண்ணும் அங்கே திரும்பியது. 2018-ல் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு அந்த வெளியேறும் அனுமதிச் சீட்டு ஒழிந்தது. 2020-ல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் ஒழிந்தது. வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அதே வருஷம் போயிற்று. ஷேக்குகளின் தயவு அல்ல இது. கேட்டதால், விடாமல் கேட்டதால் கிடைத்தது.

ஆகவே போகிற பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது என்ன?

ஒன்று, கதவின் சாவி உன் கையில் இருக்கட்டும். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய சர்க்காரின் சொத்து. அதை வாங்கிப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டிடம் மட்டும் போ. 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் அவன் வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவனுக்காகத் தாயின் தாலியை அடகு வைக்காதே.

இரண்டு, தனியாகப் போ, ஆனால் தனியாக இருக்காதே. ராபின்சனை அடித்த அன்று அவரைக் காப்பாற்றியது அவர் கைத்திறமை அல்ல, கூட்டம் போட்ட தொழிலாளிகள். சங்கம் வைக்க அனுமதி இல்லாத நாடுகளும் உண்டு. அங்கேயும் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்கும். அதைத் தேடிக்கொள்.

மூன்று, நீ ஒதுக்கப்பட்டவன் என்பதால், இன்னொருவனை ஒதுக்காதே. ராபின்சனை அடித்தவர்களும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்களே. நம் ஆட்களும் கடல் தாண்டிப் போய் அங்கே ஒரே அறையில் படுத்துக்கொண்டு, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிற வழக்கம் உண்டு. அந்த மூட்டையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும்.

போகாதவர்களின் கதை

கடைசியாக ஒன்று. ராபின்சன் விட்டுவந்த ஃபோர்டு ஆலை என்ன ஆயிற்று? 1941 ஏப்ரலில் அங்கே வேலை நிறுத்தம் வெடித்தது. கறுப்பர்களைக் கொண்டு வெள்ளையரின் போராட்டத்தை உடைக்கலாம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. கறுப்பினத் தலைவர்களும் சங்கத் தோழர்களும் ஆலை வாசலில் நின்று பேசினார்கள். பாடகர் பால் ராப்சன் டெட்ராய்ட் வந்து சங்கத்துக்காகப் பாடினார். கம்பெனியின் கணக்குப் பொய்த்தது. அதே வருஷம் ஜூனில், சங்கத்தை மிதித்தே பழக்கப்பட்ட ஃபோர்டு, மோட்டார் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

நிறவெறி அன்றோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் வார்ப்படச் சாலையின் புகைக்குள்ளேயே நின்றவர்கள், போனவருக்குக் கிடைக்காத ஒன்றைச் சம்பாதித்தார்கள். முதலாளியோடு எதிரே உட்கார்ந்து பேசுகிற பலம் அது.

தோழர்களே, போகிற பிள்ளையைக் கோழை என்று சொல்லாதீர்கள். பாஷை தெரியாத ஊரில் தனியே இறங்குவதற்குத் தைரியம் வேண்டும். அவனை வாழ்த்தி அனுப்புவோம். ஆனால் எந்தத் தெரு என்று கேட்கிற ஊரை அப்படியே விட்டுவைத்தால், ஒவ்வொரு தலைமுறையும் கப்பல் ஏற வேண்டியதுதான். அவன் திரும்பி வரும்போது ஊர் மாறியிருக்க வேண்டும். அந்த வேலை, இங்கே இருக்கிற நம்முடைய வேலை.