பாட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர்



இசை பற்றிய சொற்பொழிவு என்றால் சங்கீத வித்துவான் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வது நம் வழக்கம். குருகுலவாசம், அரங்கேற்றம், பட்டங்கள், சீடர் வரிசை என்று பேச்சு ஒரு தடத்தில் போகும். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா ஜென்கின்ஸ் அம்மையாருக்கு அந்தத் தடமே கிடையாது. முறையாக யாரிடமும் இசை பயின்றதில்லை. கல்லூரியில் படித்தது சமூகவியல். ஆனால் 1957 முதல் அவர் வெளியிட்ட, ஏறத்தாழ நாற்பது இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டுதான் அமெரிக்க மழலையர் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியைகள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 9 அன்று, நூறு வயது நிறைந்த சில மாதங்களில், சிகாகோவில் காலமானார்.

பிறந்தது 1924 ஆகஸ்ட் 6, செயின்ட் லூயிஸ் நகரில். வளர்ந்தது சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களில். தாயார் வீட்டு வேலைக்குப் போனவர். மாமா ஒருவர் இரும்பு ஆலைத் தொழிலாளி. வேலை முடிந்து வந்து மவுத் ஆர்கனில் புளூஸ் வாசிப்பார். அம்மையாரின் முதல் இசைப் பள்ளி அந்த மாமாவின் காலடி. குடும்பம் அடிக்கடி வீடு மாறியது. மாறிய ஒவ்வொரு தெருவிலும் பெண் பிள்ளைகள் கைதட்டி விளையாடும் பாட்டும் கயிறு தாண்டும் பாட்டும் வேறு வேறாக இருந்தன. வீடு மாறுவது மற்றப் பிள்ளைகளுக்குத் துயரம். இவருக்கோ புதுச் சரக்கு.

ரீகல் தியேட்டரில் கேப் காலவே பாடுவதைப் பார்த்ததும் அந்த நாட்களில்தான். காலவே பெரிய ஜாஸ் குழுவின் தலைவர். ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், அரங்கம் முழுவதும் அதை வாங்கிப் பாடும். பிற்காலத்தில் தம் முறைக்கு மூலம் எது என்று கேட்டபோதெல்லாம் அம்மையார் காலவேயின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பஜனை மடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த முறையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிபாட்டிலும் வயல் வேலையிலும் ஊறிக் கிடந்த முறை அது. அதை நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்ததுதான் இவருடைய வேலை.

1951-இல் சான் பிரான்சிஸ்கோவில் பட்டம் பெற்றார். அங்கே கியூபத் தாளங்களோடும் யூதர்களின் பாடல்களோடும் பழக்கம் ஏற்பட்டது. சிகாகோ திரும்பி, இளம் பெண்களுக்கான கிறித்தவ சங்கத்தில் பதின்வயதினர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். 1956-இல் புதிதாகத் தொடங்கியிருந்த பொதுத் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று கிடைத்தது. மாதச் சம்பள வேலையை விட்டார். சிறு பிள்ளைகளுக்குப் பாடுவதே முழுநேரத் தொழில் என்று கறுப்பினப் பெண் ஒருவர் 1956-இல் துணிந்தார் என்பதை ஒரு நிமிடம் நிதானித்துப் பாருங்கள். அப்படி ஒரு தொழிலே அப்போது இல்லை.

அடுத்த ஆண்டு, ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் மோசஸ் ஆஷ் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ஆஷ் விசித்திரமான மனிதர். விற்றாலும் விற்காவிட்டாலும் தம் பட்டியலில் இருக்கும் எந்தத் தட்டையும் அவர் நிறுத்தியதில்லை. 1987-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் ஃபோக்வேஸை ஏற்றபோதும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. ஆசிரியர் தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது உங்களுக்குத் தெரியும். சினிமாப் பாட்டு ஆறு மாதத்தில் பழசாகிவிடும். நான்கு வயது வகுப்புக்கோ ஆண்டுதோறும் புதிய நான்கு வயதுக்காரர்கள் வருகிறார்கள். 1957-இன் பாட்டு அவர்களுக்கு அன்றைக்குத்தான் புதிது.

இனி அவருடைய முறையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். 1966-இல் வந்த 'யூ வில் சிங் எ சாங் அண்ட் ஐ வில் சிங் எ சாங்' என்ற இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோக்வேஸ் வரலாற்றிலேயே அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று. தலைப்புப் பாட்டின் மெட்டு மிக எளியது. ஒரே மெட்டில், பாடுவது, வாசிப்பது, முணுமுணுப்பது என்று செயலை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார். பிள்ளை மனப்பாடம் செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றிலேயே அதற்குப் பாட்டு வந்துவிடுகிறது, மூன்றாம் சுற்றில் அடுத்து என்ன என்று காத்திருக்கிறது. தாமதமாக வகுப்புக்குள் நுழைந்த பிள்ளையும் சேர்ந்துகொள்ளலாம். கூச்சப்படும் பிள்ளை கூட்டத்தின் குரலுக்குள் ஒளிந்துகொண்டு பாடலாம். பாடாமல் வாயை மட்டும் அசைத்தாலும் யாரும் தண்டிக்கப் போவதில்லை. பக்கவாத்தியம் என்று பார்த்தால் ஒரு யுகுலேலி, ஒரு மவுத் ஆர்கன், ஒரு காங்கா முழவு. எல்லாம் தாமே பழகிக்கொண்டவை.

அவர் குரலும் எளிமையானதுதான். பிருகா இல்லை, குழைவு இல்லை. பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும், எனக்குச் சலித்திருக்கிறது. நாற்பது தட்டுகளும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். பிற்காலத் தட்டுகள் சிலவற்றில் பாட்டைவிடப் பாடம் தூக்கலாக நிற்கிறது. ஆனால் நல்ல தட்டுகளில் அவர் தம் குரலை வேண்டுமென்றே அடக்கி வைக்கிறார். சொல்லிக் கொடுப்பவர் சங்கதி போட ஆரம்பித்தால் பிள்ளை ரசிகனாகிவிடும், பாடகனாகாது. நம் பாட்டு வகுப்புகளில் பலர் பாதியில் நின்றுபோவதற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. இதைச் சபாக்காரர்கள் ஏற்கமாட்டார்கள்.

1960-களில் பள்ளிகளுக்குப் பாட்டு நிகழ்ச்சி கொண்டுபோகும் ஏற்பாடு ஒன்றின் கீழ் காரில் வாத்தியங்களைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். காலையில் பிள்ளைகளைப் பாடவைத்த ஊரிலேயே, மாலையில் சாப்பிட உணவகமும் தங்க விடுதியும் மறுக்கப்பட்ட அனுபவங்கள் அவருக்கு உண்டு. தோல் நிறம்தான் காரணம். சிகாகோவில் இனச் சமத்துவத்துக்குப் போராடிய அமைப்பிலும் அவர் பங்கெடுத்தவர். ஆனால் மேடையில் அதைப் பேச்சாக்கவில்லை. பல நாட்டுப் பிள்ளைகளின் பாட்டுகளை, அவரவர் மொழியிலேயே, கொஞ்சமும் தயங்காமல் பாடவைத்தார். கிழக்கு ஆப்பிரிக்கா போய் வந்தபின் 1974-இல் 'ஜாம்போ' என்ற தட்டு வந்தது. அதைக் கேட்டு, ஆப்பிரிக்கரைப் பார்த்தேயிராத பிள்ளைகளும் சுவாஹிலி மொழியில் வணக்கம் சொல்லவும் எண்ணவும் கற்றுக்கொள்ள முடிந்தது. பல்பண்பாட்டுக் கல்வி என்று இன்று பாடத்திட்டக் குழுக்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, குழு எதுவும் கூடாமலே அவர் செய்து முடித்திருந்தார்.

விருதுகளைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது. 2007-இல் அந்த 1966 இசைத்தட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. 2017-இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் சிறப்பு. சிகாகோவில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய சொந்தத் தட்டுகள் கிராமி போட்டியில் பரிந்துரை வரை போய் நின்றன. ஆனால் பீட் சீகர் முதலான பாடகர்கள் அவருடைய பாட்டுகளைப் பாடி அவரைக் கௌரவித்த ஒரு தட்டு, 2005-இல் சிறந்த சிறுவர் இசைத்தட்டுக்கான கிராமியை வாங்கியது! அவர் வாங்காத பரிசை அவர் பாட்டு வாங்கியது. வாழ்நாளெல்லாம் பாட்டைப் பிறரிடம் கொடுத்துப் பாடச் சொன்னவருக்கு இது பொருந்தாத கணக்கு என்று சொல்ல முடியாது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 1966 தட்டு இன்றும் கிடைக்கிறது, கேளுங்கள். முதல் முறை அம்மையாரின் குரலை விட்டுவிட்டு, வாங்கிப் பாடும் சிகாகோப் பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள்: எங்கே சத்தம் ஏறுகிறது, எங்கே தடுமாறுகிறது, அப்போது அவர் என்ன செய்கிறார் என்று. பிறகு உங்கள் வகுப்பில், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றை அதேபோல எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அல்ல, உங்கள் சொந்தக் குரலில். சுருதி கொஞ்சம் விலகினால் பாதகமில்லை.