பூக்கும் கள்ளி



கள்ளி என்றால் வேலியில் நிற்கும் முள்செடி நினைவுக்கு வரும். சின்னத் தொட்டியில் வளரும் கள்ளிகளும் உண்டு. மாமிலேரியா அதில் ஒன்று. பந்து போல இருக்கும். உச்சியைச் சுற்றி வளையம் போலப் பூக்கும். மேற்கு வங்காளத்தின் காலிம்போங் மலையூரில் பலவகைக் கள்ளிகளை வளர்த்து விற்கிறார்கள்.

பலர் ஆசையாக வாங்கித் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேர் அழுகிச் செடி சாகிறது. காசும் வீணாகிறது. கள்ளி தன் தண்டிலேயே நீரைச் சேர்த்து வைக்கும். அதற்குக் கொஞ்சம் நீர் போதும்.

அடியில் துளை உள்ள மண்தொட்டியை எடுங்கள். தோட்டமண், பெருமணல், மக்கிய இலை உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். மடித்த காகிதத்தால் செடியைப் பிடித்து நடுங்கள். சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் வையுங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

பூ எப்படி வரும்? செடிக்கு ஓய்வு வேண்டும். குளிர்காலமே அதன் ஓய்வுக்காலம். வட இந்தியாவில் நவம்பர் முதல் ஜனவரி வரை தண்ணீரை மிகவும் குறையுங்கள். வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். பிப்ரவரியில் மெல்ல நீர் விடத் தொடங்குங்கள். வளர்ந்த செடி அரும்பு விடும். இளஞ்செடி என்றால் ஓரிரு வருடம் பொறுங்கள்.