உள்நாட்டு விவகாரம் என்ற சுவர்



சர்வதேச உறவில் அறமும் சட்டத்தின் ஆட்சியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் அமெரிக்காவைத் திட்டிவிட்டு இறங்கிவிடலாம். திட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் நான் பேச வந்தது நம் நாட்டைப் பற்றி. ஊர் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன். ஆண்டுகள் இரண்டு: 1946, 2001.

1946-ல் தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு ஒரு சட்டம் போட்டது. நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்த சட்டம் அது. அங்கிருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தமிழர்கள் அதில் கணிசம். டர்பனில் போராட்டம் வெடித்தது. இந்தியா பிரச்சினையை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். பிரதமர் ஸ்மட்ஸ் ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவைக் காட்டி, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். சபை அதை ஏற்கவில்லை. டிசம்பர் 8 அன்று, விடுதலைகூடப் பெறாத இந்தியா அந்தத் தீர்மானத்தில் வென்றது.

அதே ஆண்டு ஜூலையில் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாத மக்களும் அந்த வழியில் போக யோசிப்பதாகச் சொன்னார்.

1965-ல் இனப்பாகுபாடு ஒழிப்பு ஒப்பந்தம் உருவானது. இனம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லையும் அதில் சேர்க்கச் சொன்னது இந்தியாதான். 1968-ல் இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்றது.

2001-ல் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு அதே டர்பனில் கூடியது. தலித் அமைப்புகள் திரளாகப் போயின. இந்திய அரசு என்ன சொன்னது? சாதி இனம் அல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம். ஸ்மட்ஸின் வாதம்தான், பேசிய வாய் மட்டும் வேறு. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் குழு தெளிவாகவே சொன்னது. இந்தியா இதை ஏற்க மறுத்தது.

சாதி இனம் அல்ல என்பது சரிதான். அம்பேத்கரே அப்படித்தான் எழுதினார். ஆனால் சட்டம் இனத்தோடு நிற்கவில்லை. பிறப்பை வைத்து ஒருவரை ஒதுக்குகிறாயா என்றும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு 'இனம் அல்ல' என்பது பதில் ஆகாது.

எங்களிடம் 17-ஆவது பிரிவு இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்கிறது அரசு. நல்லது. சட்டம் ஒழுங்காக நடக்கிறது என்றால் வெளியார் பார்ப்பதில் என்ன பயம்?

சில தோழர்களுக்கு வேறொரு தயக்கம். ஐ.நா.வுக்குப் போனால் ஏகாதிபத்தியத்தின் கையில் ஆயுதம் கொடுத்ததாகாதா? மேற்குலகின் இரட்டை வேடம் உண்மை. டர்பன் மாநாட்டிலிருந்து அமெரிக்காவே வெளிநடப்புச் செய்தது. ஆனால் 1946-லும் அந்தச் சபையில் காலனி ஆட்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக இந்தியா முறையிடாமல் இருக்கவில்லை. கேட்பவரின் யோக்கியதை குறைவு என்பதால் அடிபட்டவரின் நியாயம் குறைந்துவிடாது.

1946 தீர்மானம் நிறவெறியை உடனே வீழ்த்தவில்லை. 1994 வரை ஆனது. ஆனால் உள்நாட்டு விவகாரம் என்ற சுவரில் அது முதல் விரிசலைப் போட்டது.

நாம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவை ஒரு நாடு ஏற்றால், அந்நாட்டின் தனிமனிதர் நேரடியாக ஐ.நா. குழுவிடம் புகார் கொடுக்கலாம். இந்தியா அதை ஏற்கவில்லை. உள்ளூர் நீதிமன்றங்களில் எல்லாக் கதவும் மூடிய பிறகு தட்ட இன்னொரு கதவு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பிற நாட்டுக்கு நாம் நீட்டிய அளவுகோல் நமக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்வதே சட்டத்தின் ஆட்சி. மாணவர் அமைப்புகள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கவேண்டும்.