சீட்டு விழுவது விதியா?



அமெரிக்காவில் சூசான் காலின்ஸ் என்கின்ற அம்மையார் வாலிபப் பிள்ளைகளுக்காக 2008-ல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' என்னும் விஞ்ஞானக் கற்பனை நாவலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

அது வருங்காலக் கதை. பானெம் என்று ஒரு தேசம். ஒரு தலைநகரம், அதற்கு அடங்கிய 12 ஜில்லாக்கள். வருஷந்தோறும் ஜில்லாவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பிள்ளைகளைச் சீட்டெடுத்துப் பொறுக்கி, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல விடுகிறார்கள்.

சீட்டு என்றால் எல்லோருக்கும் சமம்தானே என்று நினைப்பீர்கள். சங்கதி அப்படியல்ல. வயது ஏற ஏற எல்லோருக்கும் சீட்டு கூடும். அதற்கு மேல், வீட்டில் பசி என்றால் ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துச் சொற்பத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குத் தன் பெயரில் இன்னொரு சீட்டு எழுதிப் போடவேண்டும்! கதாநாயகி காட்னிஸுக்கு வயது 16, சீட்டு 20. அவள் நண்பன் கேலுக்கு 42. பணக்காரப் பிள்ளைக்கோ வயதுக்குரிய சீட்டு மாத்திரமே. இது அதிர்ஷ்டமா, சூழ்ச்சியா?

ஒரே சீட்டுள்ள 12 வயதுத் தங்கையின் பெயர் வந்துவிடுகிறது. இதுவாவது விதிதானே என்பீர்களா? சீட்டுப் போட்டவர்களும் மனிதர்கள்தானே! காட்னிஸ் தலையிலடித்துக்கொண்டு உட்காரவில்லை. தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறாள். கடைசியில் இருவர் மிஞ்ச, இருவரும் விஷப்பழத்தைக் கையிலெடுத்து, ஜெயித்தவரே இல்லாமற் செய்யத் துணிகிறார்கள். அதிகாரிகள் பயந்து இருவரையும் பிழைக்க விடுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, இத்தகைய கதைகளை உங்கள் பெண்மக்களுக்குக் கொடுங்கள். பெயர் வந்ததே என்று அழுவதை விட்டு, யார் பெயரில் எத்தனை சீட்டு, போட்டவன் யார் என்று அவர்கள் கேட்கட்டும்.